பக்கம் 214, கணக்கு 17

அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது. ஒரே மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. அப்படியிருந்தும் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு வருடமாக விடாமல் கணக்கு வீட்டுப்பாடம் நடந்துகொண்டிருந்தது. செய்தவள் கமா அக்கா. வயது நாற்பத்தாறு. கொடுத்தவர் யாரும் இல்லை. அவளே கொடுத்துக்கொண்டு அவளே செய்தாள்.

கமா என்பது அச்சகத்தார் வைத்த பெயர். அங்கே அவளுக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. சேர்ந்த புதிதில், ஓடிக்கொண்டிருந்த மெஷினை ஒரு கமாவுக்காக நிறுத்தச் சொன்னாள். மெஷின்மேன் நிறுத்தினார், ஆனால் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கமா. வயது ஏற ஏற அக்காவும் வந்து ஒட்டிக்கொண்டது.

புரூஃப் பார்ப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எழுதியவரின் கையெழுத்துப் பிரதி இடப்பக்கம், கம்ப்யூட்டரில் அடித்தெடுத்த தாள் வலப்பக்கம். பிரதியில் இருப்பது தாளில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும். இருந்தால் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பிரதியில் இருப்பதே சரியா தப்பா என்பது அவள் தலைவலி இல்லை. அப்படி யோசிக்கிறவர்கள் அந்த நாற்காலியில் அதிக நாள் உட்கார்ந்ததும் இல்லை.

அச்சகத்துக்குச் சோறு போட்டவை பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள். எழுதியவர் ஓய்வு பெற்ற வாத்தியார். கணக்கு சார் என்றால் அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற ஆசையும் இல்லை. கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதி, நூல் கட்டி அனுப்புவார். கேள்விகள் முன்னால், விடைகள் கடைசியில்.

அவருடைய முதல் புத்தகம் ஆறாம் வகுப்புக்கு. அதில் இருபது பின்னக் கணக்குகள் வந்த ஒரு பயிற்சியில், அப்போது கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த டிடிபி ஆபரேட்டர் எட்டாவது விடையை விட்டுவிட்டார். ஒன்பதாவது விடை எட்டின் இடத்துக்கு ஏறியது, பத்தாவது ஒன்பதுக்கு ஏறியது, வரிசை மொத்தமும் ஒரு படி நகர்ந்து நின்றது. கமா அக்கா எண்களைப் பார்த்தாள், எல்லாம் பிரதியில் இருந்தன, கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒரு பள்ளியில் டீச்சர் ஒருவர் அந்த விடைப் பக்கத்தை வைத்துக்கொண்டு நோட்டுத் திருத்தினார். எட்டாம் கணக்கிலிருந்து நாற்பது பேர் இருந்த வகுப்பு மொத்தமும் சைபர். ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் முழு மதிப்பெண். அவள் விடையைப் பார்த்து எழுதியவள்.

இந்தக் கதையை முதலாளி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கமா அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை தோற்று, அதற்குமேல் படிக்காமல் எழுத்துப் பக்கம் ஒதுங்கி வந்தவள் அவள். சரியாகப் போட்ட கணக்குக்குத் தப்பு வாங்கிய முப்பத்தொன்பது பிள்ளைகளை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். விடைப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லாக் கணக்கையும் தானே போட்டுப் பார்ப்பது. கழிவுத் தாளின் வெற்றுப் பக்கத்தில், விடையைப் பார்க்காமல்.

தொடக்கம் பரிதாபமாகத்தான் இருந்தது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்று புத்தகம் சொன்னது. ஏன் திருப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். வீட்டுக்காரர் தகரப் பட்டறை வைத்திருப்பவர். புனல், டப்பா, தட்டு, காற்றுக் குழாய் எல்லாம் செய்கிறவர். மூன்றாவது நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே, "மூணு அடித் தகரத்துல கால் அடித் துண்டு எத்தனை வரும்?" என்றார்.

"பன்னெண்டு."

"மூணை நாலால பெருக்கினியா இல்லையா? கால்ல இருந்த நாலு மேல வந்துடுச்சு பாரு. அவ்வளவுதான். குழம்பை இந்தப் பக்கம் தள்ளு."

இப்படியாக அவள் வகுப்பேறினாள். சார் இரண்டு வருடத்துக்கு ஒரு புத்தகம் எழுதினார். ஆகவே மற்றவர்கள் ஒரு வருடத்தில் தாண்டுகிற வகுப்பை அக்கா இரண்டு வருடத்தில் தாண்டினாள். அவசரம் என்ன இருக்கிறது? ஒரு வேலையை ஒருவர் ஆறு நாளிலும் இன்னொருவர் பன்னிரண்டு நாளிலும் செய்தால், சேர்ந்து செய்ய நாலு நாள் என்று கண்டுபிடித்தாள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேர் சேர்ந்தா இருபது நாள் ஆகும். பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றார். அனுபவஸ்தர் பேச்சு, ஆனால் விடையில் நாலுதான் இருந்தது.

எட்டாம் வகுப்பில் எக்ஸ் வந்தது. எக்ஸ் யார், எங்கிருந்து வந்தார் என்று கேட்கக்கூடாது, கண்டுபிடித்தால் போதும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு வயதுக் கணக்கைப் போட்டு முடித்தபோது அப்பாவுக்கு இருபத்து நாலு, மகனுக்குப் பதினாறு என்று வந்தது. சாரின் விடையும் அதேதான். பிரதியோடு ஒத்துப்போகிறது, வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவள் ஓரத்தில் பென்சிலால், "அப்பாவுக்கு எட்டு வயதில் மகன் பிறக்கிறான். பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினாள். திரும்பி வந்த தாளில் நீல மையில் இருந்தது: "கணக்கு சரி. குடும்பம் சரியில்லை. மாற்றிவிட்டேன்."

அதற்குப் பிறகு இருவருக்கும் ஓரத்தில்தான் பேச்சு. நேரில் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும். பத்தாம் வகுப்பில் கோபுர உச்சியை அண்ணாந்து பார்க்கிறவர்கள் வந்தார்கள். கோணத்தை அளந்துவிட்டு உயரத்தை நம்மைக் கேட்டார்கள். பதினொன்றில் எல்லை வந்தது. ஒரு எண் இன்னொரு எண்ணை நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடவே தொடாது என்பதை அவள் மூன்று வாரம் நம்பவில்லை. பன்னிரண்டில் நுண்கணிதம். வகைக்கெழு என்ற சொல்லை வீட்டுக்காரர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அதோடு விட்டுவிட்டார்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவளுடைய விடையும் சாருடைய விடையும் மோதிக்கொண்டது நூறு தடவைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மறுபடி போட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் தப்பு அவளுடையதாகவே இருக்கும். அதனால்தான் பக்கம் 214, கணக்கு 17 வந்தபோது, அவள் அதை எட்டுத் தடவை போட்டாள்.

கணக்கு இதுதான். ஒரு சதுரத் தகரம், பக்கம் 13 சென்டிமீட்டர். நாலு மூலையிலும் ஒரே அளவுச் சதுரம் வெட்டியெடுத்து, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். பெட்டி அதிகமாகக் கொள்ள, மூலையில் எவ்வளவு வெட்ட வேண்டும்? கொள்ளளவு என்ன? சாரின் விடை: 3 சென்டிமீட்டர், 432. அக்காவின் விடை: ஆறில் பதிமூன்று சென்டிமீட்டர், அதாவது இரண்டே சொச்சம், கொள்ளளவு 162, அதன்மேல் இருபத்தேழில் இருபது. இதைவிட அசிங்கமான எண்ணை அவள் பார்த்ததில்லை. ஆனால் எட்டுத் தடவையும் அதுவேதான் வந்தது. சார் சொன்னபடி மூன்று வெட்டிப் பார்த்தாலும் 147தான் வருகிறது. 432 வருவதற்கு வழியே இல்லை.

கேள்விப் பக்கங்கள் எல்லாம் எட்டாயிரம் பிரதி ஓடி முடிந்து கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒரே பெரிய தாளில் சேர்ந்து ஓடுகிற பக்கங்களை ஃபாரம் என்பார்கள். விடைகள் இருக்கிற கடைசி ஃபாரம் மட்டும் மறுநாள் அச்சுப் பிளேட்டுக்குப் போக வேண்டும். ஆகவே ஓரத்தில் எழுதி அனுப்ப நேரமில்லை. கமா அக்கா போன் செய்தாள். அவளுக்குப் பாதி பயம், மீதி சந்தோஷம். அதை அவளே மறுக்க மாட்டாள்.

"சார், பதினேழாவது கணக்குல உங்க விடை ஒத்து வரலை."

அவள் கேள்வியைப் படித்தாள். அந்தப் பக்கம் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

"நீ சொல்றதுதான்மா வருது" என்றார் சார். "நானூத்தி முப்பத்திரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு? நானா போட்டேன்?"

"உங்க எழுத்துதான் சார்."

பென்சிலை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "போன மாசம்தான் வீட்டுல சொன்னாங்க, ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேக்கறேன்னு. நான் நம்பலை. கணக்கு சரியாத்தானே வருதுன்னு நினைச்சேன். இப்ப இதுவும் போயிடுச்சு. உன் விடையையே போட்டுடும்மா."

அவர் அடுத்து முதலாளியை அழைத்து இரண்டு விஷயம் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை இனி எழுதப்போவதில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே 'விடைகளைச் சரிபார்த்தவர்' என்று கமா அக்காவின் பெயரை, இனிஷியலோடு, போட வேண்டும். முதல் பக்கமும் கடைசி ஃபாரத்தோடு ஓடுவதுதான். டிடிபி ஆபரேட்டர் உடனே அடித்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். இருபத்து நாலு வருடமாக ஊரார் பெயரையெல்லாம் எழுத்துப் பிழை பார்த்தவள், தன் பெயரைப் பார்த்தாள். பிழை இல்லை. இன்னொரு தடவை பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சாரைப் பற்றிச் சொன்னபோது குரல் இறங்கியது. பெயரைப் பற்றிச் சொன்னபோது ஏறியது. அவர் தட்டில் கையை வைத்தபடி கேட்டார்.

"பெட்டிக் கணக்கா? அதுக்கு எதுக்கு இத்தனை தாளு? ஆறுல ஒரு பங்கு வெட்டணும். பட்டறையில எல்லாருக்கும் தெரியும்."

"அதேதாங்க வருது. பதிமூணுல ஆறுல ஒரு பங்கு."

"பதிமூணு சென்டிமீட்டரா? பதிமூணை ஆறாப் பிரிக்க எந்த ஸ்கேல்ல கோடு இருக்கு? எவன் அப்படித் தகரம் எடுப்பான்? உங்க சார் என்ன விடை போட்டாரு?"

"மூணு."

"மூணு வெட்டணும்னா தகரம் பதினெட்டு" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார்.

கமா அக்கா கணக்குப் போட்டாள். பதினெட்டில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று போனால் பன்னிரண்டு. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் 432. இதற்குத் தாள் தேவைப்படவில்லை. அதன்பிறகு அவள் சாப்பிடவில்லை. "என்ன, உப்பு கம்மியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

மறுநாள் அச்சகம் திறக்கும்போதே போய் நின்றாள். கையெழுத்துப் பிரதிகள் புத்தகம் பைண்டிங் ஆகும்வரை பரணில் இருக்கும். கட்டை இறக்கி, தூசி தட்டி, 214ஆம் பக்கத்துக்கான தாளை உருவினாள். சார் எட்டு போடுகிற விதம் அவளுக்குத் தெரியும்; மேலே தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து மூட மாட்டார், சற்று இடைவெளி விடுவார். அந்தத் தாளில் இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். டிடிபி ஆபரேட்டர் அதை மூன்று என்று அடித்திருந்தார். அவர் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த எட்டைப் பார்க்கிறவள் மூன்று என்று படித்து, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

விடை இடித்தபோது விடையைச் சந்தேகப்பட்டாள். தன் கையெழுத்து இருந்த பக்கத்தைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. பிரதியை எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எட்டுத் தடவை கணக்குப் போட முடிந்தவளுக்கு ஒரு தடவை பரணைப் பார்க்க முடியவில்லை.

டிடிபி ஆபரேட்டர் வந்து பார்த்தார். நிலைமை அவருக்கு உடனே புரிந்தது, கெட்டிக்காரப் பிள்ளை.

"அக்கா, புத்தகத்துல கேள்வி பதிமூணு. பதில் பதிமூணுக்கு உள்ள பதில். ரெண்டும் ஒத்துப்போகுது. அப்புறம் தப்பு எங்க இருக்கு?"

"சார் வீட்டுல இருக்கு" என்றாள் கமா அக்கா.

முதல் பக்கத் தாளை எடுத்தாள். தன் பெயர் இருந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் நீக்கல் குறியைச் சுழித்தாள். அந்தக் குறியை ஆயிரக்கணக்கான தடவை போட்ட கைதான். ஆனால் வலித்தது. அந்தப் பெயர் அச்சில் வரும் என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

முதலாளி தாளைப் பார்த்தார். "பேரை ஏன்மா அடிச்ச? சார்தானே போடச் சொன்னாரு?"

"தெரியாமச் சொன்னாரு முதலாளி." முழுவதையும் சொன்னாள்.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "சரி. ஓடின எட்டாயிரத்தை ஒண்ணும் பண்ண முடியாது. பதிமூணே இருக்கட்டும், உன் விடையே இருக்கட்டும். பசங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சார்கிட்ட போய் எதுக்குச் சொல்லணும்? கோவத்துல புத்தகத்தையே வேற பிரஸ்ஸுக்குக் கொண்டு போயிட்டார்னா?"

"அவர் எழுதினாத்தானே முதலாளி வேற பிரஸ்ஸுக்குப் போறதுக்கு?"

முதலாளி போனைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னல் வழியாக எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சாரே எடுத்தார். குரல் தூங்கி எழுந்தவர் குரல் மாதிரி இருந்தது, அல்லது தூங்காதவர் குரல்.

"சார், கமா பேசறேன். நேத்து சொன்னது தப்பு சார். உங்க பிரதியில பதினெட்டுன்னு இருக்கு. உங்க எட்டை நான் மூணுன்னு படிச்சுட்டேன். கேள்வியிலதான் தப்பு. அதுல கையெழுத்துப் போட்டது நான்."

திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் அவள் போனை எடுத்திருந்தாள்.

"பதினெட்டா?" என்றார் சார்.

"பதினெட்டு சார்."

"அப்ப மூணு சென்டிமீட்டர்."

"மூணு சார். நானூத்தி முப்பத்திரெண்டு. உங்க விடை சரி."

"நான் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"சரியாத்தான் போட்டிருக்கீங்க சார். நான்தான் தப்பாப் பார்த்தேன். மன்னிச்சுக்கங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது; செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில், வீட்டின் உள்பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"இங்க வாயேன். எனக்கு ஒண்ணும் இல்லையாம். பிரஸ்ல தப்பு விட்டுட்டாங்களாம். நான் போட்டது பதினெட்டு. எனக்கு ஒண்ணுமே இல்லை."

அவர் மனைவியின் குரல் அதைவிடத் தூரத்தில் இருந்தது. "அப்ப இப்பவாவது சாப்பிடறீங்களா? நேத்து மத்தியானத்துலேர்ந்து கேட்டுட்டே இருக்கேன்."

"போடு" என்றார் சார்.

முதலாளி ஜன்னலிலிருந்து திரும்பி, என்ன சொன்னார் என்று கையாலேயே கேட்டார். கமா அக்கா ரிசீவரை வைக்கவில்லை. அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் காதோடு வைத்திருந்தாள்.